"$@" எழுதுவதா, "$*" எழுதுவதா?

ஷெல் ஸ்கிரிப்டுக்கு (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புக்கு) வந்த அளவுருக்களை, அதாவது அதை இயக்கும்போது கூடவே தரும் கோப்புப் பெயர் போன்ற மதிப்புகளை, மொத்தமாக இன்னொரு கட்டளையிடம் ஒப்படைக்க இந்த இரண்டு மாறிகளும் உண்டு. மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடில்லை. இரண்டுமே காலை வாரிவிடும். 'என் கடிதம்', 'பட்டியல்' என்ற இரு கோப்புப் பெயர்கள் மூன்று சொற்களாக உடைந்துபோகும். ஆகவே மேற்கோளுக்குள் மட்டும் ஒப்பிடுவோம்.

பெயரில் இடைவெளி இருந்தால்:
"$@" – இரண்டு பெயர்களும் இரண்டாகவே போய்ச் சேரும்.
"$*" – 'என் கடிதம் பட்டியல்' என்று ஒரே சரமாகிவிடும் (சரம் என்றால் எழுத்துத் தொடர்). அப்படியொரு கோப்பே இல்லை என்று நகலெடுக்கும் கட்டளை கைவிரிக்கும்.

அளவுருவே இல்லையென்றால்:
"$@" – எதுவும் போகாது.
"$*" – வெற்றுச் சரம் ஒன்று போகும். வெளியே தெரியாத பொறி இதுதான்.

ஒட்டிச் சேர்க்க:
"$@" – இதற்கு ஆகாது.
"$*" – ஐஎஃப்எஸ் (IFS – சொற்களைப் பிரிக்கும் குறிகளை வைத்திருக்கும் ஷெல் மாறி) மாறியின் முதல் எழுத்தை இடையில் வைத்து ஒட்டும். அது இயல்பாக இடைவெளி. காற்புள்ளியாக மாற்றினால் காற்புள்ளிப் பட்டியல் தயார்.

கோப்புகளைக் கையாளவும், சுழற்சியில் ஒவ்வொன்றாக எடுக்கவும் "$@". பதிவுக் கோப்பில் எல்லாவற்றையும் ஒரே வரியாக எழுத மட்டும் "$*". என்னைக் கேட்டால், குழப்பம் வரும்போதெல்லாம் முதலாவதையே எழுதுங்கள். மேற்கோள் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.