புதியது என்று மாட்டித் தந்த பழைய ஹார்ட் டிஸ்க்

சோனியின் வீடியோ கேம் கன்சோலான ப்ளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர்கள், அதிலும் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் பெரிதாக்க எண்ணுபவர்கள், பழுதுபார்க்கும் கடையில் கன்சோலைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் ஏமாந்ததில் என் அவசரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 2013-இல் வெளிவந்த முதல் வடிவம். அதில் 500 ஜிபி மட்டுமே. பெரிய கேம் ஒன்றே 100 ஜிபியை எட்டிவிடும்போது, ஒன்றை ஏற்றுவதற்காக இன்னொன்றை அழிப்பதே வேலையாகிப் போனது. கடைக்காரர் “நிமிடத்துக்கு 7200 சுழற்சி வேகத்தில், 1 டிபி, புத்தம் புதிது, ஒரு மணி நேர வேலைதான் சார்” என்றார். சேமித்து வைத்த ஆட்டங்கள் அப்படியே வந்துவிடுமா என்று கேட்டதற்கு, எல்லாவற்றையும் நகலெடுத்துத் தருவதாக வாக்களித்தார். மாலையில் கன்சோல் கைக்கு வந்தபோது ஒரு சேமிப்பும் அதில் இல்லை. என் பழைய டிஸ்க்கைக் கேட்டேன். அதிலிருந்து எடுக்க வேண்டியிருப்பதால் மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ரசீதில் சாஃப்ட்வேர் ஏற்றியதற்கென்று ஒரு தனித் தொகையும் இருந்தது. அந்த சாஃப்ட்வேரை சோனி நிறுவனமே தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

முதல் இரண்டு வாரம் குறை ஒன்றும் தென்படவில்லை. பிறகு ஒரு கேமுக்குச் சிறிய அப்டேட் வந்தது. பதிவிறக்கம் சில நிமிடங்களில் முடிந்துவிட்டாலும், அதன்பின் வரும் நகலெடுப்புப் பட்டை மூன்று மணி நேரம் நகர மறுத்தது. அப்டேட் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தக் கன்சோல் பெரும்பாலும் கேம் முழுவதையும் டிஸ்க்கின் வேறோர் இடத்துக்கு நகலெடுத்துத்தான் அதைச் சேர்க்கும். ஆகவே டிஸ்க்கில் கோளாறு இருந்தால் முதலில் வெளிப்படுவது இங்கேதான். விளையாடும்போதும் சிக்கல் தொடங்கியது. குதிரையில் ஓர் ஊருக்குள் நுழைந்தால் தரை களிமண்ணைப் போல் வழுவழுவென்று நிற்கும். கட்டடங்கள் ஒவ்வொன்றாகப் பிற்பாடு வந்து சேரும். பாத்திரங்கள் பேசும் குரல் முன்னே ஓட, உதடுகள் பின்னே அசையும். கடைசியில் சிஇ-34878-0 என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டு கேம் மூடிக்கொள்ளும்.

கடைக்குப் போனேன். கன்சோலைத் திறந்துகூடப் பார்க்காமல், “லென்ஸ் தேய்ந்துவிட்டது, ப்ளூ-ரே வட்டைச் சரியாகப் படிக்கவில்லை” என்று தீர்ப்புச் சொன்னார். லென்ஸைச் சுத்தம் செய்யப் பணமும் வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்தேன்.

என்னை ஏமாற்றிய பேச்சுகளில் இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் கேம் எங்கிருந்து ஓடுகிறது என்று அறியாதவரிடம் மட்டுமே இது செல்லுபடியாகும். ப்ளேஸ்டேஷன் 2 காலத்தில் கேம் வட்டிலிருந்தே ஓடியது. லென்ஸ் தேய்ந்தால் படம் திக்கும் என்பது அப்போது உண்மை. ப்ளேஸ்டேஷன் 4-இல் வட்டாக வாங்கிய கேமும் உள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றப்பட்டு அங்கிருந்தே ஓடுகிறது. அதன்பின் வட்டு உள்ளே இருக்க வேண்டியது, அந்த கேம் நம்முடையதுதான் என்று கன்சோல் உறுதிசெய்துகொள்வதற்காக மட்டுமே. போதாக்குறைக்கு, என்னிடம் திக்கித் திணறிய இரண்டு கேம்களில் ஒன்றை நான் இணையக் கடையில் வாங்கியிருந்தேன். அதற்கு வட்டே கிடையாது. இது என் மூளைக்கு எட்டியது பணம் கொடுத்து வீடு திரும்பிய பிறகுதான்.

அன்றிரவே நானே திறந்தேன். முதல் வடிவத்தில் மேல்மூடியின் பளபளப்பான பாதியை உள்ளங்கையால் பக்கவாட்டில் தள்ளினால் கழன்று வந்துவிடும். உள்ளே, கைப்பிடிப் பொத்தான்களில் உள்ள நான்கு குறிகளும் பொறித்த ஒரே ஒரு பெரிய திருகு. அதைக் கழற்றினால் டிஸ்க் தன் சட்டத்தோடு வெளியே வரும். இவ்வளவுதான் அந்த ஒரு மணி நேர வேலை.

டிஸ்க்கின் மேல் 7200 என்று அச்சிட்ட வெள்ளை ஒட்டுத்தாள் இருந்தது. அதன் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருக்க, நகத்தால் நெம்பினேன். அடியில் மஞ்சள் பாரித்த இன்னொரு ஒட்டுத்தாள். ஒரு யுஎஸ்பி இணைப்பான் வழியாகக் கணினியில் மாட்டி, கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கணினி கேட்டால் மறுத்துவிட வேண்டும்; கன்சோல் தனக்கே உரிய பூட்டு முறையில் எழுதுவதைக் கணினியால் படிக்க முடியாது. ஆனால் டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்பேட்டைப் படிக்க அந்தப் பூட்டு தடையில்லை. சுழற்சி வேகம் 5400. வரிசை எண் மேல்தாளோடு பொருந்தவில்லை. அடித்தாளோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. ஓடிய நேரம் 19,412 மணி. இடைவிடாமல் சுழன்றாலும் அது இரண்டு ஆண்டுகளும் இரண்டரை மாதங்களும் ஆகும்; என் வீட்டில் அது இருந்தது ஒரு மாதம்கூட இல்லை. பழுதாகி மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களும் (டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் செக்டர்களும் சிவப்பிலும் மஞ்சளிலுமாக நின்றன.

கடைக்காரருக்கு நியாயமாக இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். 5400 வேகம் குற்றமில்லை. கன்சோலோடு வந்த டிஸ்க்கும் அதே வேகம்தான். அதை 7200 என்று சொல்லி விற்றதுதான் குற்றம். அதேபோல் அட்டையில் அச்சிட்ட அளவைவிடத் திரையில் இடம் குறைவாகத் தெரிவதும் மோசடியல்ல; கன்சோல் தன் பயன்பாட்டுக்கு ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்கிறது.

ஓடிய மணிக்கணக்கு பூஜ்யமாக இருந்தாலும் முழுமையாக நம்பிவிட வேண்டாம். 2025-இன் தொடக்கத்தில், புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் நிறுவன டிஸ்க்குகள் பல உண்மையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடியவை என்று ஜெர்மனியில் அம்பலமானது. வழக்கமான கணக்கை யாரோ அழித்துவிட்டிருந்தார்கள். ஃபார்ம் என்ற மற்றொரு உட்பதிவுதான் காட்டிக்கொடுத்தது. ஆகையால் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, உத்தரவாதம் எந்த நாள்வரை என்றும் பார்த்துவிடுங்கள்.

திரைப் படங்களை எடுத்துக்கொண்டு மீண்டும் கடைக்குச் சென்றேன். மென்பொருள் தவறாகக் காட்டும் என்றார். இரட்டை ஒட்டுத்தாளைக் காட்டியதும் பேச்சு நின்றது. டிஸ்க்கின் விலையைத் திருப்பித் தந்தார். லென்ஸுக்கும் சாஃப்ட்வேருக்கும் வாங்கியதைத் தர மறுத்துவிட்டார்.

உத்தரவாதத்தோடு வேறொரு டிஸ்க் வாங்கி நானே மாட்டினேன். 9.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாத 2.5 அங்குல, சாட்டா வகை இணைப்புள்ள டிஸ்க்காக இருக்க வேண்டும். யுஎஸ்பி துண்டை (பென் டிரைவை) ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, சோனி தளத்திலிருந்து முழு நிறுவலுக்கான கோப்பை அதில் இட வேண்டும். சாதாரண அப்டேட்டுக்கான சிறிய கோப்பும் அதே பெயரில் வருவதால் கவனம் தேவை. சுமார் 1 ஜிபி உள்ளதே நமக்கு வேண்டியது. பிறகு மின்பொத்தானை இரண்டாவது பீப் ஒலி கேட்கும்வரை, ஏறத்தாழ ஏழு விநாடி, அழுத்திப் பிடித்தால் பாதுகாப்புப் பயன்முறை (சேஃப் மோட்) திறக்கும்; அங்கிருந்து திரையே வழிநடத்தும். முன்பு மூன்று மணி நேரம் நின்ற அதே அப்டேட் இம்முறை இருபது நிமிடங்களில் முடிந்தது.

சேமித்த ஆட்டங்கள் போனது போனதுதான். டிஸ்க்கைக் கழற்றும் முன் அவற்றை ஒரு யுஎஸ்பி துண்டில் நகலெடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்; அதைச் செய்யாதது என் பிழை. என் பழைய 500 ஜிபி டிஸ்க் கையில் இருந்திருந்தால், அதே கன்சோலில் திரும்ப மாட்டி அவற்றை எடுக்க முயன்றிருப்பேன். அதைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கடைக்காரர் இன்றும் சொல்கிறார்.