கிரெடிட் நோட்டில் வரிக் குறியீடு தவறினால் எந்த வழியில் திருத்துவது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். பாதுகாவலர் சேவை நடத்தும் ஒருவருக்காக, அவருடைய வாடிக்கையாளர் பெயரில் சென்ற மாதம் 2,000 வெள்ளிக்குக் கிரெடிட் நோட் (இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போட்டோம். காவலர் வராத நாட்களுக்கான கழிவு அது. மூல இன்வாய்ஸில் 8 விழுக்காடு சேவை வரி இருந்தது. கிரெடிட் நோட்டிலோ சேவை வரிக்குரிய ‘02’ இருக்க வேண்டிய இடத்தில் ‘06’, அதாவது ‘வரி பொருந்தாது’ என்று விழுந்துவிட்டது. 2,160 வெள்ளி திரும்ப வேண்டியவருக்கு 2,000 மட்டுமே திரும்பியது. 2015 முதல் 2018 வரை இருந்த ஜிஎஸ்டி எனும் பொருள் சேவை வரியில், பதிவு பெற்ற நிறுவனம் தான் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கோர முடிந்தது. சேவை வரியில் அந்த வசதி இல்லை. அந்த 160 வெள்ளி முழுக்க வாடிக்கையாளரின் இழப்பு. சின்னத் தொகைதானே என்று விட எனக்கு மனம் வரவில்லை.

வருமான வரி வாரியத்தின் மின் இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸ் ஆவணத்தை ஏற்று 72 மணி நேரத்துக்குள் பிழையைக் கண்டுவிட்டால் யோசிக்கவே வேண்டாம்: ரத்து செய்து, சரியான குறியீட்டோடு மறுபடி போடுங்கள். கடிகாரம் ஓய்வு நாள் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலை போட்டது திங்கள் மாலையோடு பூட்டிக்கொள்ளும். நாங்கள் ஐந்தாம் நாள்தான் கவனித்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு வழிகள். விடுபட்ட 160 வெள்ளிக்கு மட்டும் இன்னொரு கிரெடிட் நோட் போடுவது ஒன்று. ஒரே ஆவணம், ஐந்து நிமிட வேலை என்பதால் பலர் இதையே விரும்புகிறார்கள். சிக்கல் உள்ளே இருக்கிறது. கணக்கு மென்பொருள் வரியை மதிப்பின் விழுக்காடாகத்தான் கணக்கிடும். மதிப்பு சுழியம் என்றால் வரியும் சுழியம். ஆகவே 160ஐ மதிப்பாக எழுதி, மீண்டும் ‘06’ஐப் போட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்குப் பணம் சரியாகப் போய்ச் சேரும். ஆவணமோ விலையில்தான் 160 குறைந்தது என்கிறது, வரி குறைந்ததாகச் சொல்லவில்லை. சுங்கத் துறைக்கு அனுப்பும் எஸ்எஸ்டி-02 என்ற வரிக் கணக்குப் படிவத்தில் அந்த வரியைக் கழிக்க எதைக் காட்டுவது? பாதுகாவலர் நிறுவனமே அதைத் தன் கையிலிருந்து சுமக்க நேரிடும்.

மற்றொன்று நீளமானது. தவறான கிரெடிட் நோட்டை நேர்செய்ய, அதே ‘06’ குறியீட்டில் 2,000 வெள்ளிக்கு டெபிட் நோட் (தொகையைக் கூட்டும் ஆவணம்). பிறகு ‘02’ குறியீட்டில் 2,000, வரி 160 என்று புதிய கிரெடிட் நோட். இரண்டிலும் மூல இன்வாய்ஸின் எண் வேண்டும். விவரப் பகுதியில் பழைய கிரெடிட் நோட்டின் எண்ணையும் காரணத்தையும் எழுதிவிடுவேன். வேலை இருமடங்கு என்றாலும் நான் இதன் பக்கம்தான். எப்போது புரட்டினாலும் தவறு எங்கே நடந்தது, எப்படிச் சரியானது என்று தாளே சொல்லும்.

மென்பொருளில் மட்டும் குறியீட்டை மாற்றிவிட்டு இருந்துவிடுவோரும் உண்டு. வருமான வரி வாரியத்திடம் இருக்கும் பிரதி மாறாது. அதைத் திருத்தம் என்றே சொல்ல மாட்டேன்.

அனுப்பும் முன் வாடிக்கையாளரின் கணக்காளரை அழைத்தேன். “அம்மா, 2,000க்கு ஒரு டெபிட் நோட் வரும், பயப்படாதீர்கள். கூடவே 2,160க்குக் கிரெடிட் நோட்டும் வரும். மீதி 160 உங்களுக்கு” என்றேன். இரண்டையும் ஒரே நாளில் அனுப்பினோம்.