யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வரைபடம் அச்சடிக்க நல்ல கடை

உயர்தர மாணவர்களுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பிரித்தானியப் புதுநகரங்கள் பற்றிய பாடத்துக்கு ஸ்டீவனேஜின் திட்ட வரைபடம் பெரிதாகத் தேவைப்பட்டது. பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட உள்ள போட்டோக்கொப்பிக் கடையில் ஏ1 தாளில் எடுத்தேன்.

முதல் பிரதியில், குடியிருப்புகளுக்கு நடுவே உள்ள பச்சை நிலம் நீலமாக விழுந்துவிட்டது. "ரீச்சர், இது குளம் மாதிரிக் கிடக்கு, வேற அடிச்சுத் தாறன்" என்று கடைத் தம்பியே சொல்லி, மேலதிகக் காசு வாங்காமல் திரும்ப அடித்துத் தந்தார். அந்தப் பச்சைதான் பாடத்தின் உயிர். 1946ஆம் ஆண்டுப் புதுநகரச் சட்டத்தின் கீழ் முதலாவதாக அறிவிக்கப்பட்ட நகரம் ஸ்டீவனேஜ். லண்டன் நெரிசலைக் குறைக்க, ஏறக்குறைய 6,000 பேர் இருந்த ஊரை 60,000 பேருக்கென்று திட்டமிட்டார்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் தனிப் பள்ளிக்கூடம், தனிக் கடைகள், நடுவே அந்தப் பச்சை நிலம். 1959இல் திறந்த நகர மையத்தில் நடப்பவர்களுக்கு மட்டுந்தான் இடம். கஸ்தூரியார் வீதியில் ஓட்டோவுக்கு விலகி விலகி நடக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அதன் அருமை உடனே விளங்கியது.

லமினேட்டும் மூலை சுருளாமல் நன்றாகச் செய்தார்கள். பின்னேரத்தில் மாணவர் கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள்.