பார்சல் போய்ச் சேராவிட்டால் ஸ்பீட் போஸ்ட் எவ்வளவு கைகொடுக்கும்?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர் பக்கம் வீட்டிலிருந்தபடியே சேலை, பொடி வகை, டெரகோட்டா நகை, கொலு பொம்மை விற்கும் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆர்டர் வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ வரும், பார்சல் தமிழ்நாட்டுக்குப் போகும். அவர்களுக்காகத்தான் இந்த மதிப்பீடு. ஸ்பீட் போஸ்ட்டின் வேகம், விலை பற்றிப் பலரும் எழுதியாகிவிட்டது. இங்கே பார்ப்பது ஒன்றே ஒன்று: பார்சல் போய்ச் சேராதபோது விற்றவருக்கு இந்தச் சேவையில் என்ன மிஞ்சுகிறது?

திரும்பி வரும் பார்சலுக்கு இது நல்ல சேவை. காணாமல் போகும் பார்சலுக்கு, இன்சூரன்ஸ் போடவில்லை என்றால், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

கசப்பான விதியை முதலில் சொல்லிவிடலாம். சாதாரணமாக புக் செய்த ஸ்பீட் போஸ்ட் தொலைந்தாலும், உள்ளே இருப்பது திருடு போனாலும், சேதமானாலும் கிடைக்கும் இழப்பீடு, நீங்கள் கட்டிய தபால் கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. 3,800 ரூபாய் பட்டுச் சேலையை 90 ரூபாய் கட்டி அனுப்பியிருந்தால் கைக்கு வருவது 180 ரூபாய். தாமதம் என்றால் கட்டிய கட்டணம் மட்டும் திரும்பும். கேஸ் போட்டு முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1898-ம் ஆண்டு அஞ்சல் சட்டம் அஞ்சல் துறைக்குக் கொடுத்திருந்த பாதுகாப்பு, 2024 ஜூன் 18-ல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் அலுவலகச் சட்டம் 2023-லும் 10-வது பிரிவாகத் தொடர்கிறது. விதிகளில் வகுத்திருக்கும் பொறுப்புக்கு மேல் துறைக்குப் பொறுப்பில்லை.

ஆகவே 1,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஸ்பீட் போஸ்ட் பார்சலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை இன்சூரன்ஸ் உண்டு. கவுன்ட்டரில் நாமாகக் கேட்டால்தான் போடுவார்கள். பொருளின் மதிப்பை பில்லோடு பொருந்தும்படி சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் கட்டணம்தான் ஏறும், இழப்பீடு உண்மையான நஷ்டத்தைத் தாண்டாது.

2025 அக்டோபர் 1 முதல் ரிஜிஸ்டர்டு போஸ்ட் தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்ட்டுக்குள் வந்துவிட்டது. அதன் பலனாக விற்பவர்களுக்கு இரண்டு வசதிகள் கிடைத்திருக்கின்றன. 'ரெஜிஸ்ட்ரேஷன்' கேட்டு வாங்கினால் பெறுநர் கையிலோ அவர் அதிகாரம் கொடுத்தவர் கையிலோதான் பார்சலைக் கொடுக்க வேண்டும். 'ஓடிபி டெலிவரி' கேட்டால் பெறுநரின் மொபைலுக்கு வரும் எண்ணைச் சொன்ன பிறகுதான் கொடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் 5 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. 'டெலிவர்டு என்று காட்டுது, ஆனா எனக்கு வரலை' என்ற தகராறுக்கு இதைவிட மலிவான தடுப்பு இல்லை. ஒரு எச்சரிக்கை: பெறுநர் கிராமத்தில் இருக்கும் வயதானவர், போன் பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் கையில் என்றால் ஓடிபி வேண்டாம். மகன் மீட்டிங்கில் இருக்கும் நேரத்தில் தபால்காரர் வாசலில் நிற்பார், பார்சல் திரும்பிப் போகும். அங்கே ரெஜிஸ்ட்ரேஷன் போதும்.

புக்கிங் முடிந்ததும் கவுன்ட்டரை விட்டு நகராமல் ரசீதைப் படியுங்கள். மேலே 13 இடமுள்ள டிராக்கிங் எண் இருக்கும்: முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. அந்த ஒன்பதில் கடைசி இலக்கம் மற்ற எட்டையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு இலக்கம். அதனால் வாங்குபவருக்குத் தட்டச்சு செய்யும்போது ஒரு இலக்கம் பிசகினாலும் இந்தியா போஸ்ட் தளம் பெரும்பாலும் அந்த எண்ணை ஏற்காது. 'நம்பரே தப்புன்னு வருது' என்று அவர் கோபப்பட்டால் முதலில் இதைப் பாருங்கள். எண்ணைத் தட்டாமல் ரசீதின் படத்தையே அனுப்பிவிடுவது நல்லது. அடுத்து, பெறுநரின் பின்கோடும் அதற்கு நேராக அச்சாகியிருக்கும் ஊரும். அவசரத்தில் ஒரு எண் மாறியிருந்தால் பார்சல் வேறு மாவட்டம் போய்விட்டுத்தான் திரும்பும். பிறகு எடை. கிராமில் அச்சாகும் இந்த எடைதான் பொருள் திருடு போனது என்று நிரூபிக்க உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி. 640 கிராமாகப் போன பார்சல் 410 கிராமாகச் சேர்ந்திருந்தால் வாதமே தேவையில்லை. ரசீது தெர்மல் பேப்பர் என்றால் நாளடைவில் வெளுத்துவிடும். அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விலாசம் எழுதுவதில் எங்கள் பரிந்துரை இரண்டு மொழி. பின்கோடும் ஊரும் ஆங்கிலத்தில் இருந்தால் பெங்களூரில் பிரிப்பவருக்கு எளிது. தெருவும் அடையாளமும் தமிழில் இருந்தால் அந்தக் கிராமத்துத் தபால்காரருக்கு எளிது. 'மாரியம்மன் கோயில் எதிரில், ரேஷன் கடை சந்து' என்ற ஒரு வரி கதவு எண்ணைவிட அதிகம் உதவும். பெங்களூருக்குள்ளேயே அனுப்பும்போது தொல்லை வேறு. ஐந்தாவது கிராஸ், பத்தாவது மெயின் என்பது ஒவ்வொரு லேஅவுட்டிலும் இருக்கிறது. பிளாக்கோ ஸ்டேஜோ இல்லாமல் எழுதினால் 'இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்' என்று திரும்பும். ஒரே கோரமங்கலாவுக்கு 560034, 560095 என்று இரண்டு பின்கோடு. வாங்குபவரிடம் பிளாக் எண்ணைக் கேட்காமல் பின்கோடு போடாதீர்கள். பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் இரு விலாசமும் இரு போன் எண்ணும் எழுதிப் போடுவதும் அவசியம். மேலே ஒட்டிய லேபிள் கிழிந்துபோனால், யாருக்கு என்று தெரியாத பார்சல் ரிட்டர்ன்டு லெட்டர் ஆபீசுக்குப் போகும். அங்கே பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், உள்ளே இருக்கும் சீட்டுதான் அதை உங்களிடம் திருப்பிக் கொண்டுவரும்.

இனி டிராக்கிங். பெங்களூரிலிருந்து சென்னை போன்ற பெருநகரத்துக்கு 1 முதல் 3 நாள், மற்ற ஊர்களுக்கு 4 முதல் 5 நாள் என்பது துறை சொல்லும் கணக்கு. ஞாயிறும் விடுமுறையும் அதில் சேராது, தீபாவளி வாரத்தில் இன்னும் தள்ளும். கிராமத்துக்கு என்றால், பார்சல் சப் போஸ்ட் ஆபீஸ் வந்து, அங்கிருந்து கிளை அஞ்சலகம் போய், பிறகுதான் வீட்டுக்கு. இந்தக் கடைசித் தாவலில் டிராக்கிங் ஒரு நாள் அசையாமல் நின்றால் கவலை வேண்டாம்.

பார்சல் டெலிவரி ஆபீசைத் தொட்ட அன்றே வாங்குபவருக்கு ஒரு செய்தி போடுங்கள். 'வணக்கம் அக்கா, உங்க சேலை இன்னைக்குக் காலையில உங்க ஊர் போஸ்ட் ஆபீஸ் வந்துடுச்சு. வீட்ல யாராவது இருக்காங்களா? இல்லைன்னா நேரா போய் நம்பரும் ஆதாரும் காட்டி வாங்கிக்கலாம்.' திரும்பி வரும் பார்சல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு செய்தியிலேயே தப்பிவிடும்.

டெலிவரி ஆகவில்லை என்றால் டிராக்கிங்கில் காரணம் வரும். அந்தக் காரணத்தைப் பார்த்துத்தான் அடுத்த அடி. 'டோர் லாக்டு' என்றால் பார்சல் அங்கேயே ஏழு நாள் வரை இருக்கும். வாங்குபவர் நேரில் போவதுதான் வேகமான வழி. 'இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்' என்றால் இரண்டு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். பின்கோடை வைத்து இந்தியா போஸ்ட் தளத்தில் அந்த டெலிவரி ஆபீசைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். போன் எடுக்கவில்லையா, வாங்குபவரையே போகச் சொல்லுங்கள். 'ரெஃப்யூஸ்டு' என்று வந்தால் வாங்குபவரிடம் உடனே எழுத்தில் கேளுங்கள். 'நான் மறுக்கவே இல்லை' என்று அவர் எழுதிக் கொடுத்தால் அது புகாருக்கு ஆதாரம். மறுத்தது உண்மை என்றால் அதுவும் எழுத்தில் இருப்பது உங்களுக்கு நல்லது.

'டெலிவர்டு' என்று காட்டியும் கையில் இல்லை என்ற நிலைமைதான் ஆகச் சிக்கலானது. எடுத்தவுடனே வாங்குபவரையும் தபால்காரரையும் சந்தேகிக்க வேண்டாம். அபார்ட்மென்ட் என்றால் செக்யூரிட்டி அறை, பக்கத்து பிளாட். கிராமம் என்றால் அடுத்த வீடு, மளிகைக் கடை. பார்சல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்கும் இல்லையா, வாங்குபவர் அதே நாளோ மறுநாளோ டெலிவரி ஆபீசுக்குப் போய் அந்தப் பகுதித் தபால்காரரை நேரில் பார்க்க வேண்டும். இரண்டாவது நாள் அவருக்கு வீடு நினைவிருக்கும், இரண்டாவது வாரம் இருக்காது.

பெட்டி நசுங்கியோ டேப் பிரித்து ஒட்டியதாகவோ தெரிந்தால், கையெழுத்துப் போடும் முன் ஓப்பன் டெலிவரி கேட்கச் சொல்லுங்கள். ஊழியர் முன்னிலையில் எடை போட்டுத் திறந்து, குறையைப் பதிவு செய்வார்கள். வாங்கி வைத்துவிட்டு மாலையில் படம் அனுப்பினால் அந்தக் கிளெய்ம் நிற்காது.

புகாரை இந்தியா போஸ்ட் தளத்திலும் பதியலாம், 1800 266 6868 என்ற இலவச எண்ணிலும் பதியலாம். எப்படி எழுதுகிறோம் என்பது முக்கியம். கோபத்தைக் கொட்டி எழுதிய புகாருக்குப் பொதுவான பதில்தான் வரும். இப்படி எழுதினால் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: 'மேற்கண்ட எண்ணுள்ள பார்சல் (640 கிராம், இன்சூரன்ஸ் 3,800 ரூபாய்) 3-ம் தேதி புக் செய்யப்பட்டது. 5-ம் தேதி சேலத்தில் பெறப்பட்டதாகக் காட்டும் பதிவுக்குப் பிறகு 14-ம் தேதி வரை எந்தப் பதிவும் இல்லை. பார்சல் இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளது? தொலைந்திருந்தால் இழப்பீட்டுக்கு இதையே விண்ணப்பமாக ஏற்கவும்.' ரசீது, பொருளின் பில், டிராக்கிங் பக்கத்தின் படம் மூன்றும் இணைப்பில் இருக்கட்டும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத புகார் விசாரணையோடு முடிந்துபோகும்.

விசாரித்ததாகச் சொல்லி விஷயத்தை மூடிவிட்டால் மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சிபிகிராம்ஸில் அஞ்சல் துறையைத் தேர்ந்தெடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டுப் பதியுங்கள். 2024 ஆகஸ்ட்டில் வந்த வழிகாட்டுதல்படி 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும், பதில் பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடும் உண்டு. மத்திய அரசுத் துறை என்பதால் கிடைக்கும் இந்த வழி, தனியார் கூரியரில் இல்லாதது. சிறு விற்பனையாளர்கள் இதை அதிகம் பயன்படுத்தாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

தனியார் கூரியர்களைச் சேர்த்துத் தரும் தளங்களோடு ஒப்பிட்டால், அவற்றின் பெரிய பலம் என்டிஆர் பேனல், அதாவது டெலிவரி ஆகாத பார்சல்களைக் கையாளும் பக்கம். டெலிவரி தவறியதும் காரணம் திரையில் வரும். திருத்திய விலாசத்தையோ வேறு போன் எண்ணையோ அங்கேயே போட்டு மறு முயற்சி கேட்கலாம். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். விட்டுவிட்டால் பார்சல் ஆர்டிஓ (அனுப்பியவருக்கே திருப்புதல்) ஆகித் திரும்பும். வலியும் அங்கேதான்: திரும்பி வருவதற்கும் தனிக் கட்டணம், பெரும்பாலும் போன கட்டணத்துக்குக் கிட்டத்தட்ட சமம். எடை கணக்கும் கன அளவில். 40, 30, 15 சென்டிமீட்டர் பெட்டியில் ஒரு கிலோ கொலு பொம்மை என்றால், மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து 3.6 கிலோவுக்கு பில் வரும். திரும்பினால் அதே 3.6 கிலோவுக்கு மறுபடியும். ஸ்பீட் போஸ்ட்டில் டெலிவரி ஆகாத பார்சல் அனுப்பியவருக்குத் திரும்பி வரத் தனிக் கட்டணம் இல்லை. கேஷ் ஆன் டெலிவரி அதிகம் விற்பவருக்கு என்டிஆர் பேனல் தேவைதான். முன்பணம் வாங்கி ஊர்ப்பக்கம் அனுப்புபவருக்கு ஸ்பீட் போஸ்ட்டே லாபம். தனியார் ஒப்பந்தத்தில் தொலைந்த பார்சலுக்கு உச்சவரம்பு எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கிளெய்ம் போட வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் படிக்காமல் முதல் பார்சலை ஒப்படைக்காதீர்கள்.

வாங்கியவருக்குப் பணம் திருப்புவதைத் துறையின் பதில் வரும்வரை இழுத்தடிப்பது தவறு. அவர் பணம் கொடுத்தது உங்களிடம், தபால் ஆபீசிடம் இல்லை. நுகர்வோர் பாதுகாப்பு (இ-காமர்ஸ்) விதிகள் 2020-ன்படி, புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். சொன்ன தேதிக்கு மேல் 10 நாள் பார்ப்போம், இல்லையென்றால் பணமோ மாற்றுப் பொருளோ தருவோம் என்று ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. கார்டில் கட்டியவர் பேங்கில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தைத் திருப்பக் கேட்பது) போட்டால், பதில் தர உங்களுக்கு அவகாசம் குறைவு. பில், ரசீது, டெலிவரி பதிவு மூன்றும் ஒரே ஃபோல்டரில் தயாராக இருக்க வேண்டும். ஜிஎஸ்டி பதிவு வைத்திருப்பவர் விற்பனையை ரத்து செய்யும்போது கிரெடிட் நோட் போட வேண்டும். தொலைந்த பொருளை வாங்கும்போது கட்டிய வரிக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டையும் ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி திருப்ப வேண்டும். ஆடிட்டரிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

பார்சல் நல்லபடியாகத் திரும்பி வந்தாலும் அப்படியே மறுபடி அனுப்பிவிடக் கூடாது. வாங்கும் முன் எடையை ரசீதோடு ஒப்பிடுங்கள், வெட்டாமல் ஒரே வீடியோவாகத் திறங்கள், பொடி பாக்கெட் என்றால் ஓரத்து சீல் விட்டிருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். அதே பெட்டியைப் பயன்படுத்துவதாக இருந்தால் பழைய பார்கோடை முழுதும் கிழித்தோ கறுப்பு மார்க்கரால் அடித்தோ மறைத்துவிட்டுப் புது லேபிள் ஒட்டுங்கள். ஸ்கேனர் பழைய கோடைப் படித்துவிட்டால், ஏற்கெனவே திரும்பி வந்த பார்சலாகவே அது பதிவாகி மறுபடி உங்கள் வாசலுக்கே வரும்.