கிருஷ்ணகிரியில் ஒரு டிரம்ஸ் வகுப்பு: கைகளுக்குத் தேர்ச்சி, கால்களுக்கு நேரம் போதவில்லை

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலைப் பக்கம், ஒரு கடையின் மாடியில் நடக்கும் டிரம்ஸ் வகுப்பில், எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சேர்ந்து ஓராண்டு ஆகப்போகிறது. பிள்ளையை அங்கே சேர்க்கலாமா என்று தெரிந்தவர்கள் பலரும் கேட்பதால், அருகிலிருந்து பார்த்தவற்றை எழுதுகிறேன். குறைகளும் இதில் வருவதால் பெயரைக் குறிப்பிடவில்லை. மாலை நேரத்தில் அந்தப் பக்கம் போனால் சத்தமே வழிகாட்டிவிடும்.

சேர்ந்தவுடன் டிரம்ஸ் செட்டின் முன் உட்காரவைப்பார்கள் என்று எண்ணிச் செல்லும் பெற்றோருக்கு முதல் சில மாதங்கள் ஏமாற்றமாகவே இருக்கும். பிள்ளைகளுக்கு முதலில் கிடைப்பது ஒரு ரப்பர் பேடும் இரண்டு குச்சிகளும் மட்டுமே. சீரான இடைவெளியில் டிக் டிக் என்று ஒலித்து வேகத்தைக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்து, அதற்கு மேல் ஓடவிடாமல் வலது, இடது என்று மாறி மாறி அடிக்கச் சொல்கிறார் ஆசிரியர். பிள்ளைகள் அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து, கையிலுள்ள குச்சியை இரு விரல்களால் மெல்ல இழுத்துப் பார்க்கிறார். எளிதில் உருவ முடிந்தால் பிடி சரி. இறுகியிருந்தால் பேசாமல் நின்று, தோளைத் தளர்த்தச் சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவைக்கிறார். ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு முறை அடிக்கும் இரட்டை அடியில் இரண்டாவது அடி மணிக்கட்டின் பலத்தால் வருவதன்று, குச்சி துள்ளி எழுவதை விரல்கள் வாங்கி மீண்டும் இறக்குவதால் வருவது. இரண்டு அடிகளும் ஒரே அளவில் ஒலிக்கின்றனவா என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே சொல்லிவிடுகிறார்.

அதன் பிறகுதான் வலம்-இடம்-வலம்-வலம், இடம்-வலம்-இடம்-இடம் என்று வரும் பாரடிடில். உலகெங்கும் டிரம்ஸ் கற்பவர்கள் பயிலும் அடிப்படைப் பயிற்சிகளை ருடிமென்ட் என்கிறார்கள். அமெரிக்காவின் பெர்கஸிவ் ஆர்ட்ஸ் சொசைட்டி 1984-இல் முறைப்படுத்திய பட்டியலில் இத்தகையவை 40 இருக்கின்றன. இந்த வகுப்பில் முதல் ஆண்டில் அவற்றில் சிலவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டு, தேறும்வரை விடாமல் பிடிக்கிறார்கள். என் கணிப்பில் இந்த வகுப்புக்குக் கொடுக்கும் பணம் இந்தப் பொறுமைக்கே தகும். முதல் வாரத்திலேயே ஒரு சினிமாப் பாட்டின் தாளத்தைக் கற்பித்து, அதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பெற்றோரை மகிழ்விக்கும் இடங்களும் உண்டு. அவ்வாறு கற்ற பிள்ளைகள் தாளத்தை ஒருவாறு வாசித்துவிடுவார்கள். ஆனால் இடையில் ஃபில் எனப்படும், தாளத்துக்கு நடுவே நிரப்பும் சிறு அடிக்கோவை வந்ததும் கை வேகமெடுத்து, மறுபடி ஒன்றாம் எண்ணிக்கைக்கு வரும்போது பாட்டுக்கு முன்னால் ஓடிவிடுவார்கள்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. கோயில் திருவிழாக்களில் பம்பை கேட்டு வளர்ந்தவர்களுக்கு மும்மூன்றாகப் பிரியும் நடை காதில் ஏற்கெனவே ஊறியிருக்கிறது. ஆறு எண்ணிக்கை மும்மூன்றாகப் பிரியும் 6/8 தாளத்தை ஆசிரியர் விளக்கும்போது வாயால் பம்பை அடித்துக் காட்டியே தொடங்குகிறார், பிள்ளைகளும் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

இனிக் குறைக்கு வருகிறேன். பேடில் பழகுவது கைகள் மட்டுமே; டிரம்ஸோ இரு கைகளும் இரு கால்களும் தனித்தனி வேலை பார்க்கும் கருவி. மிக எளிய ராக் தாளத்தில்கூட ஹை-ஹேட் என்ற இரட்டைத் தட்டில் வலது கையின் எட்டு அடிகள் சீராக ஓட, நான்கு எண்ணிக்கையில் ஒன்றிலும் மூன்றிலும் வலது கால் பாஸ் டிரம் என்ற பெரிய டிரம்மையும், இரண்டிலும் நான்கிலும் இடது கை ஸ்நேர் என்ற சிறிய டிரம்மையும் அடிக்க வேண்டும். இடது கால் ஹை-ஹேட் பெடலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இங்கே இருப்பதோ ஒரே செட், ஒரு குழுவில் ஐந்தாறு பிள்ளைகள். எனவே ஒவ்வொருவருக்கும் செட்டில் கிடைப்பது சில நிமிடங்களே. கை முன்னேறிய அளவுக்குக் கால் முன்னேறவில்லை என்பதை என் மகளிடமே பார்க்கிறேன்: மெட்ரோனோமில் கை 100-ஐத் தொட்டுவிட்டது, கால் சேர்ந்ததும் 70-க்கு இறங்க வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னபோது ஆசிரியர் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது செட் வாங்குவதாகவும் சொல்லவில்லை.

அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், மூடிய சன்னல். இத்தகைய இடத்தில் முழு செட்டின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டுவது எளிது. 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் கேட்டால் செவித்திறன் பாதிக்கப்படலாம் என்பது மருத்துவ எச்சரிக்கை. பிள்ளைகளுக்குக் காதடைப்பான் கொடுப்பதில்லை, கொண்டுவரச் சொல்வதும் இல்லை. நாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டோம், சேர்ப்பவர்கள் அனைவரும் அவ்வாறே செய்யட்டும்.

வீட்டுக்கென்று செட் வாங்கும் அவசரம் வேண்டாம். முதல் ஆண்டுக்குப் பேடும், மெட்ரோனோம் செயலி உள்ள கைப்பேசியும் போதும். குச்சி வாங்கும்போது சிறுவர் கைக்கு 5ஏ என்ற அளவைவிட மெலிந்த 7ஏ இலகுவாக அமைகிறது. லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தரத் தேர்வுகளுக்கும் இங்கே தயார்செய்கிறார்கள். தேர்வுக் கட்டணம் மாதக் கட்டணத்தில் சேராது என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். தொடக்க நிலைகளுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் செல்பவர்கள் செட்டில் கூடுதல் நேரம் கிடைக்கும் தனி வகுப்பைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் பெங்களூருவில் தேட வேண்டியிருக்கும். சேரும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்கள். சனி, ஞாயிறுகளில் கூட்டம் மிகுதி, வார நாளில் சென்றால் ஆசிரியரிடம் நின்று பேச முடியும்.