கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பகல் பராமரிப்பு மையம்

என் மகளுக்கு நாலு வயது, மூளை முடக்குவாதம். நான் பொள்ளாச்சியில் ஒரு நார் மில்லில் கணக்கு எழுதுகிறேன். காலையில் கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் சாயங்காலம்தான் வீடு திரும்ப முடியும். விசாரித்த ஒரு பிளே ஸ்கூலில், “கூடவே ஓர் ஆளையும் நீங்களே அனுப்புங்க” என்று சொல்லிவிட்டார்கள். அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பஞ்சாயத்துகள், கேரள அரசின் பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயோடு சேர்ந்து நடத்தும் பட்ஸ் பள்ளி நல்ல ஏற்பாடு. 2004இல் வெங்ஙானூரில் தொடங்கியது, இன்று கேரளா முழுக்க இருக்கிறது. பள்ளி வயது வந்ததும் மகளை அங்கேதான் சேர்க்கப் போகிறேன். அதுவரைக்கும் கோபாலபுரம் ரோட்டில் ஓர் ஓட்டு வீட்டில் நடக்கும் இந்த மையம்.

சேர்ப்பதற்கு முன்னால் மதியச் சாப்பாட்டு வேளையாகப் பார்த்துப் போனேன். விழுங்கத் தடுமாறும் பிள்ளைக்கு அவசரமாக ஊட்டினால் சோறு மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அப்புறம் நெஞ்சுச் சளி, நிமோனியா என்று ஆஸ்பத்திரிதான். அங்கே இருக்கும் ஆயாம்மா ஒரு பையனை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இடுப்புப் பட்டையை மாட்டி, காலடியில் பலகை வைத்தார். தலை பின்னால் சாயாமல் ஒரு கை பிடரியில். குழைந்த பருப்புச் சோறு, சின்னக் கரண்டியில் பாதி. “கண்ணு, ஆ காட்டு” என்று கீழுதட்டில் கரண்டியைத் தொட்டுவிட்டுக் காத்திருந்தார். அவன் விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். ஊட்டி முடித்ததும் படுக்க வைக்கவில்லை, அரை மணி நேரம் உட்கார்ந்தபடியே விளையாட்டு. பெற்ற தாய்க்கே சில நாள் இவ்வளவு பொறுமை வராது. அன்றைக்கே சேர்த்துவிட்டேன்.

மகளுக்கு வலிப்பும் உண்டு. அதற்கு என்ன செய்வீர்கள் என்று நடத்தும் அக்காவிடம் கேட்டேன். ஒருக்களித்துப் படுக்க வைப்போம், வாயில் எதையும் திணிக்க மாட்டோம், கடிகாரம் பார்ப்போம், ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி என்று தயங்காமல் சொன்னார். சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் ஊரில் இந்தப் பதில் எனக்குப் பெரிய ஆறுதல். வலிப்பை நிறுத்த டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரே பிள்ளை பெயர் ஒட்டி அலமாரியில் இருக்கிறது. சிறப்பு ஆசிரியையின் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுச் சான்றிதழையும் கேட்டதும் எடுத்துக் காட்டினார்கள். எல்லாரும் பிள்ளைகளிடம் தமிழில்தான் பேசுகிறார்கள்.

மாதம் 3,500 ரூபாய், டயப்பர் நம் செலவு. பணத்துக்கு முறையான ரசீது தருகிறார்கள். மத்திய அரசின் நிராமயா மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தவர்களுக்குத் தெரபி ரசீது பயன்படும். மூளை முடக்குவாதம், ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை அதில் கிடைக்கும். இன்னும் எடுக்காதவர்கள் தயவுசெய்து எடுங்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். வாசலில் படிகள், சாய்தளம் இல்லை. வீல்சேரை இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கிறது; மழை நாளில் வழுக்கும் என்று எனக்குப் பயம். கழிப்பறைக் கதவு குறுகல். பிசியோதெரபிஸ்ட் வாரத்தில் இரண்டு நாள்தான் வருகிறார். வண்டி கிடையாது, தூரத்தில் இருப்பவர்களுக்கு ஆட்டோ வாடகை கட்டணத்தை மிஞ்சும். சாய்தளத்துக்குச் சிமென்டும் ஆளும் நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து தருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும்.

சேர்க்க நினைப்பவர்கள் மதியம் பன்னிரண்டரைக்கு முன்கூட்டிச் சொல்லாமலே போகலாம், உள்ளே விடுகிறார்கள். பிள்ளையின் மருந்துச் சீட்டையும் அது வழக்கமாகச் சாப்பிடும் கரண்டியையும் கையோடு கொண்டுபோங்கள்.