நாற்பதிலேயே நிற்கும் பாட்டுப் பெட்டி

சித்தி மகன் நேற்று வாட்சாப்பில் கேட்டான்: "அக்கா, நீங்க வச்சிருக்கிற பாட்டுப் பெட்டி நூறு வெள்ளி விலை குறைஞ்சிருக்கு. அம்மாவுக்கு வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. நாலு வருடமாக எங்கள் வீட்டில் ஓடும் பெட்டி. போன வாரம்தான் இங்கே மலேசியாவில், கோலசிலாங்கூர் கடையில் 45 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து பேட்டரி மாற்றிக்கொண்டு வந்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே ஐயாயிரம் பழைய பாட்டு, முன்னால் திருகு, பக்கத்தில் தம்ப் டிரைவ் செருக இடம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. சத்தத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டி.எம்.எஸ். பாடினால் அடுக்களை வரைக்கும் கணீரென்று கேட்கிறது. எஃப்எம்மில் 96.3-ஐ வைத்தால் மின்னல் தமிழ் வானொலியை ஜன்னல் ஓரத்தில் சுத்தமாக எடுக்கிறது, உள்ளே தள்ளி வைத்தால் கொஞ்சம் இரைச்சல். சரி, அது சுவர் செய்யும் வேலை.

வாங்கி வந்த அன்று அம்மா ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு மட்டும் வருது, ஆளக் காணோமே."

அறிவிப்பாளரைத்தான் சொன்னார். ஒரு பாட்டு முடிகிறது, அடுத்த நொடியே இன்னொன்று தொடங்கிவிடுகிறது. யார் கேட்டார்கள், யாருக்காகக் கேட்டார்கள், எந்தத் தோட்டம் என்று சொல்ல ஒரு குரல் இல்லை. எண்பத்திரண்டு வயதில் அம்மாவுக்கு அது பெரிய குறை. எனக்கும்தான்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-ல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், நாங்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான், 1917-ல். அம்மா காலத்தில் அவர் வேலை ரப்பர் மரத்தோடு. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், பால் எடுத்து நிறுத்தக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்புவார். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ராத்திரி பத்து மணிக்கு மின்சாரம் நின்றுவிடும். ரேடியோ மட்டும் நாலு பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் எங்களுக்கு உயிர், நேயர் விருப்பம்.

அண்ணன் அதற்கென்று ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். வாரம் முழுக்க எந்தப் பாட்டு எத்தனை தடவை வந்தது என்று கோடு போடுவார். ஞாயிறு சாயங்காலம் லயத்து வாசலில் பிள்ளைகளை உட்கார வைத்து, ரப்பர் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைக் கழுவி மைக்காகப் பிடித்துக்கொண்டு பத்தாவது இடத்திலிருந்து அறிவிப்பார். ரெண்டாவது இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுவார். தண்ணீர் குடிப்பார். நாங்கள் கத்துவோம். அப்புறம்தான் முதல் இடம்.

ஒரு ஞாயிறு அவருக்குக் கடும் காய்ச்சல். அம்மா அந்த மங்குக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, நோட்டைப் பார்த்து என்ன செய்வது? கேட்டதையெல்லாம் நினைவிலிருந்தே சொன்னார். எட்டாவது பாட்டு யார் கல்யாணத்தில் ஒலிபெருக்கியில் போட்டது, ஐந்தாவது பாட்டைக் கேட்டால் பக்கத்து லயத்துப் பாட்டி ஏன் எழுந்து உள்ளே போய்விடுவார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. முதல் இடத்துக்கு வரும்போது நன்றாக இருட்டிவிட்டது, கொசு கடித்தது, ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அண்ணன் போர்வைக்குள்ளிருந்தே, "அடுத்த வாரமும் நீயே சொல்லும்மா" என்றார்.

அண்ணன் பிறகு கோலாலம்பூரில் வேலைக்குப் போனார். அங்கே யாரிடமோ இருந்து அமெரிக்கன் டாப் 40 நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிவு செய்து கொண்டு வந்தார். கேசி கேசம் என்ற அறிவிப்பாளர் 1970 ஜூலை 4-ல் தொடங்கி வைத்தது. அமெரிக்காவில் அந்த வாரம் முன்னணியில் இருந்த பாட்டுகள் நாற்பதாவது இடத்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி வரும். முதலில் மூன்று மணி நேரம், 1978-லிருந்து நாலு மணி நேரம். ஆரம்ப காலத்தில் நிகழ்ச்சியை இசைத்தட்டாக அச்சடித்து வானொலி நிலையங்களுக்குத் தபாலில் அனுப்புவார்களாம், அண்ணன் அதை அவ்வளவு வியப்போடு சொல்வார். நம் பக்கத்தில் இந்த வரிசைப் பழக்கத்துக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தவர் அமீன் சயானி. 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்த நேரத்தில் இலங்கை வானொலியில் இந்திப் பாட்டு நிகழ்ச்சியைத் தொடங்கி, பிறகு பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொன்னவர். ஒவ்வொரு இடத்தையும் ஏணிப்படி என்றே சொல்வார். அண்ணனுக்கு இவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள் மாதிரி.

கேசம் விடுப்பில் போனால் வேறொருவர் வந்து நடத்துவார். 1972-ல் ஒரு வாரம் டிக் கிளார்க் நடத்தியிருக்கிறார், எண்பதுகளில் சார்லி வான் டைக். எனக்கு இந்த மாற்று ஆட்கள்மேல் தனிப் பிரியம். கேட்பவர்கள் தனக்காகக் காத்திருக்கவில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு எண்ணையும் அக்கறையாக, தவறாமல் சொல்லி இறக்கி வைக்கிறார்கள். வான் டைக் நடத்திய கேசட்டின் அட்டையில் அண்ணன் நீல மையில் 'வேற ஆள்' என்று மட்டும் தமிழில் எழுதியிருக்கிறார். அண்ணன் இப்போது இல்லை. அந்த எழுத்து அப்படியே இருக்கிறது.

அண்ணன் மகன் அந்தக் கேசட்டுகளை எம்பி3 ஆக்கித் தம்ப் டிரைவில் போட்டுக் கொடுத்தான். அன்றைக்குத்தான் இந்தப் பெட்டி எங்கள் வீட்டுப் பெட்டி ஆனது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எண் மட்டும் புரியும். குரல் மாறினால் உடனே, "இன்னைக்கு வேற ஆளா?" என்பார்.

இப்போது என் வயிற்றெரிச்சலைச் சொல்கிறேன். தம்ப் டிரைவில் ஓடும்போது பெட்டியைச் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் அது தானாகவே அணைந்துவிடும். திரும்பப் போட்டால் விட்ட இடம் அதற்கு நினைவில்லை, மறுபடி நாற்பது. நாலு மணி நேர நிகழ்ச்சியை ஒரே உட்காரலில் கேட்க யாரால் முடியும்? சோறு வடிக்க எழுந்தால் நாற்பது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து பத்து நிமிடம் பேசினால் நாற்பது. நாலு வருடத்தில் அந்த 'வேற ஆள்' கேசட்டின் முதல் இடத்தை மூன்றே தடவைதான் கேட்டிருக்கிறேன்.

அண்ணன் மகன் கோப்பை நாற்பது துண்டாக வெட்டிப் பார்த்தான். பெட்டி எண் வரிசைப்படி ஒன்றிலிருந்து ஏறுமுகமாகப் பாடியது, முதல் இடம் முதலிலேயே வந்துவிட்டது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெயர்களை மாற்றி அதைச் சரி செய்தான். ஆனாலும் அணைந்தால் நாற்பதுக்கே போகிறது, அடுத்த பாட்டுப் பொத்தானை இருபது முப்பது தடவை அழுத்தி இறங்கி வர வேண்டும். பேட்டரி மாற்றிய கடையில் கேட்டேன். பேட்டரியை மிச்சம் பிடிக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள், மாற்ற முடியாது என்றார்கள். நினைவு வைக்க ஒரு சின்ன வசதி, அதைக் கொடுக்கத் தோன்றவில்லையா என்று எனக்கு இன்னும் கோபம்.

அதே பெட்டியில்தான் அந்தப் பெரிய நிறுத்தும் பொத்தானும் இருக்கிறது. ஐயாயிரம் பாட்டு ஓடும்போது அம்மா கையைத் தூக்குவார். நான் பொத்தானை அழுத்துவேன். "இது உங்க பெரியம்மா கல்யாணத்துல போட்டது" என்று தொடங்குவார். காய்ச்சல் ஞாயிறன்று சொன்ன கதைகளில் பாதி இப்படித்தான் திரும்பக் கிடைத்தது. அந்தப் பாட்டி ஏன் உள்ளே போனார் என்பதற்கு அன்று சொன்னது முழுக் காரணம் இல்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. உள்ளே இருக்கும் பாட்டுக்கு மறதி இல்லை, எவ்வளவு நேரம் பேசினாலும் விட்ட இடத்திலிருந்தே வருகிறது.

தம்பி, நீ போன வாரம் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன். இன்று காலை பதினோராவது இடத்தில் மறுபடி அணைந்துவிட்டது, அதனால் வாங்காதே. சித்திக்கு நல்ல ரேடியோ ஒன்று வாங்கி, மின்னலில் வைத்து, ஜன்னல் ஓரத்தில் கொடு. அதில் ஆள் பேசும். எங்கள் பெட்டியை விற்பாயா என்று மட்டும் கேட்காதே. அம்மா இன்னும் மூன்றாவது இடத்துக்கே வரவில்லை.